விலங்கு பூண்ட தளபதி

பட்டெடுக்க ஆரணிக்குப் போகும் நாம், 1782 ஜூன் 2-ல் அங்கே ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியதை நினைப்பதில்லை. அன்று டேவிட் பெயர்டு என்ற ஆங்கிலப்படைக் கேப்டன், ஹைதரின் சீரங்கப்பட்டணச் சிறையில் கிடந்தார்.

1757-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் படுகாயத்துடன் பிடிபட்டார். காயம் ஆறுமுன்பே கால்விலங்கு வந்தது. சக கைதி லூக்காஸ் அதையும் தாமே பூணுவதாக முன்வந்தார். அந்த லூக்காஸும் தளபதி பெய்லியும் சிறையிலேயே மாண்டனர். விடுதலை என்றைக்கென்று தெரியாமல், அடுத்த மையித்து யாருடையதோ என்று எண்ணிக் கிடப்பது விலங்கினும் கொடிது. நம்மவர் ஆண்ட சிறை என்பதற்காக இதை நாம் மறைக்கலாகாது.

1784-ல் விடுதலையானார். 1799 மே 4-ல் அதே சீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய படைக்குத் தாமே கேட்டுத் தலைமை ஏற்றார். பதினைந்தாண்டாகியும் ஆறாத ரணம் போலும்! திப்பு சுல்தான் ஷஹீதானார். ஆங்கிலக் கைதிகள் கொல்லப்பட்டதாகக் கேள்வியுற்றுச் சினந்து நின்ற பெயர்டின் முன், சுல்தானின் மகன் முயிஸுத்தீன் கொண்டுவரப்பட்டார். அவரும் சிறுவயதில், 1792 முதல் 1794 வரை, ஆங்கிலேயரிடம் சென்னையில் பிணையாயிருந்தவர்தாம். பெயர்டின் சினம் தணிந்தது. தீங்கு நேராதென வாக்களித்துப் பாதுகாப்புடன் அனுப்பினார்.

பெயர்டு 1829-ல் இறந்தார். முயிஸுத்தீனைப் பின்னர் அடைத்து வைத்தது, ஆரணிக்கு அருகிலுள்ள வேலூர்க் கோட்டையில்.