புகையில்லா வெடிமருந்தும் ஒரு மரணசாசனமும்

ஆண்டுதோறும் டிசம்பர் 10 ஆம் திகதி நோபல் பரிசுகள் வழங்கப்படுகின்றன. 1896 இல் இத்தாலியின் சன்ரெமோ நகரில் அல்பிரட் நோபல் காலமான தினமே அது. டைனமைற்றைக் கண்டுபிடித்தவர் என்றே அவரை நாம் அறிவோம். ஆயினும், டைனமைற் பெரும்பாலும் பாறைகளையும் சுரங்கங்களையும் தகர்க்கவே பயன்பட்டது. துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் அவர் வழங்கியது புகையற்ற வெடிமருந்தாகும்.

1833 இல் ஸ்டொக்ஹோமில் பிறந்த அல்பிரட்டின் தந்தை, ரஷ்யாவில் கடற்கண்ணிவெடிகளைத் தயாரித்துச் செல்வந்தரானவர். 1856 இல் கிரிமிய யுத்தம் முடிவுற்றதும் இராணுவக் கேள்வி நின்றுபோக, அத்தொழில் நொடிந்தது. 1864 இல் நைத்திரோகிளிசரின் வெடித்து இளைய சகோதரர் எமில் உட்படப் பலர் மாண்டனர். அத்திரவத்தை நுண்துளை மண்ணில் ஊறவைத்துப் பாதுகாப்பாக்கிய நோபல், 1867 இல் டைனமைற்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார்.

அக்காலப் படைகள் பயன்படுத்திய கரிமருந்து எரிகையில் அதன் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மமாகவே எஞ்சும். அது புகையாகக் களத்தை மூடியது. துப்பாக்கிக் குழாயில் படிந்தது. சுட்டவரின் மறைவிடத்தையும் காட்டிக்கொடுத்தது. 1884 இல் பிரான்சிய இரசாயனவியலாளர் போல் வியேய் நைத்திரோசெலுலோசிலிருந்து புகையற்ற மருந்தொன்றை உருவாக்கினார். பாரிஸில் வாழ்ந்த நோபல், 1887 இல் நைத்திரோகிளிசரினையும் நைத்திரோசெலுலோசையும் கற்பூரத்துடன் சேர்த்து பலிஸ்டைற்றை ஆக்கினார்.

தமக்கென ஒரு மருந்தை ஏற்கனவே வைத்திருந்த பிரான்ஸ் அதனை நாடவில்லை, இத்தாலி வாங்கியது. இதனால் பிரான்சியப் பத்திரிகைகள் நோபலைத் துரோகியெனத் தூற்றின. அவரது ஆய்வுகூடமும் மூடப்பட, 1891 இல் அவர் சன்ரெமோவுக்குக் குடிபெயர்ந்தார். பிரித்தானியாவிலோ ஏபலும் டியூவாரும் 1889 இல் இதனையொத்த கோடைற்றுக்கு ஆக்கவுரிமை பெற்றனர். நோபலின் நிறுவனம் தொடுத்த வழக்கு 1895 இல் தோல்வியுற்றது. அவரது ஆக்கவுரிமை கரையும் வகை நைத்திரோசெலுலோசை மாத்திரம் குறிப்பிட்டிருந்தமையே காரணம். இரு உலக யுத்தங்களிலும் பிரித்தானியப் படைகளின் துப்பாக்கிகளுக்கு உந்துசக்தியளித்தது கோடைற்றே.

அதே 1895 இன் நவம்பர் 27 ஆம் திகதி நோபல் தமது இறுதி மரணசாசனத்தில் கையொப்பமிட்டார். 3 கோடியே 10 இலட்சம் குரோனருக்கும் மேற்பட்ட செல்வத்தின் பெரும்பகுதி பரிசுகளுக்கென ஒதுக்கப்பட்டது. படைகளைக் குறைக்கப் பாடுபடுவோருக்கும் அதில் ஒரு பரிசு உண்டு. அதனை எழுதிய வேளையில் அவர் போபர்ஸ் ஆயுதத் தொழிற்சாலையின் உரிமையாளராகவும் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆயுதங்கள் கொடூரமாகும்போது நாடுகள் யுத்தத்துக்கு அஞ்சும் என அவர் நம்பினார். அவர் மறைந்து 18 ஆண்டுகளில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. வெடிமருந்திலிருந்து புகையை அகற்ற அறிவியலால் முடிந்தது; அதன் அழிவை அகற்ற முடியவில்லை. யுத்தத்தின் வடுக்களைச் சுமந்து நிற்கும் நாம், ஆயுதத்தின் அச்சத்தில் சமாதானம் பிறக்கும் என்ற நம்பிக்கையை இனியேனும் கைவிட வேண்டும்.