மூவாயிரம் பேருக்கு ஒரு மண்டபம்

பெரிய நகரங்களின் வானுயர்ந்த கட்டடங்களைக் கட்டியவர்களைப் பற்றி நிறையப் படிக்கிறோம். கட்டடக்கலை படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் வேறு. அவர் பின்லாந்தின் அல்வார் ஆல்டோ. உலகப் புகழ் பெற்ற பிறகும் சிற்றூர்களின் வேலையை அவர் சிறியதாக எண்ணவில்லை.

ஆல்டோ 1898-இல் குவோர்தானே என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை நில அளவையாளர். யுவாஸ்குலா என்ற சிறு நகரத்தில் வளர்ந்து, ஹெல்சிங்கியில் படித்து 1921-இல் பட்டம் பெற்றார். படித்தவர்கள் தலைநகரில் தங்கிவிடுவதுதான் வழக்கம். அவரோ 1923-இல் யுவாஸ்குலாவுக்கே திரும்பி அலுவலகம் திறந்தார். அடுத்த ஆண்டு, தம்மிடம் வேலைக்குச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஐனோவை மணந்தார். தொடக்கத்தில் கிடைத்த வேலைகளில் பல, சுற்றுவட்டாரத்துப் பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பது. 1925-இல் தொழிலாளர்களுக்கென ஒரு மன்றம் கட்டினார். கீழே உணவகம், மேலே நாடக அரங்கு.

1927-இல் வீப்புரி நகர நூலகத்துக்கான போட்டியில் வென்றார். கட்டி முடிய 1935 ஆகிவிட்டது. அந்த வாசிப்புக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வடநாட்டில் சூரியன் தாழ்வாகவே இருக்கும். சன்னல் வைத்தால் கண் கூசும். ஆகவே கூரையில் 57 வட்டத் திறப்புகளை, ஆழமான புனல்போல் அமைத்தார். வெயில் நேராக உள்ளே விழாமல், புனலின் சுவரில் பட்டுச் சிதறி இறங்கும். புத்தகத்தின் மேல் வாசகரின் நிழல்கூட விழுவதில்லை. சொற்பொழிவு அரங்கில், பேச்சு கடைசி வரிசைக்கும் கேட்பதற்காக, மரத்தாலான உட்கூரையை அலைபோல் வளைத்தார். சிறுவர் பகுதிக்குப் பூங்காவின் பக்கமாகத் தனி வாசல் வைத்தார். நம் ஊரில் எத்தனை நூலகங்களில் பிள்ளைகளுக்குத் தனி வாசல் பார்த்திருக்கிறீர்கள்?

பிறகு போர் வந்தது. வீப்புரி சோவியத் ஒன்றியத்திடம் போயிற்று. ஊர் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். நூலகம் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆளின்றி மழையிலும் பனியிலும் கிடந்தது.

1949 ஜனவரியில் ஐனோ காலமானார். கால் நூற்றாண்டு உடன் உழைத்த துணை அவர். அதே ஆண்டுதான் ஆல்டோ சாய்னாட்சலோ நகர மன்றத்துக்கான போட்டியில் வென்றார். பையான்னே ஏரியில் உள்ள தீவு அது. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த சுமார் 3000 பேரின் ஊர். 1952-இல் முடிந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் அலுவலகமும் நூலகமும் மட்டுமல்ல, கீழ்த்தளத்தில் கடைகளும் இருந்தன. அலுவலகம் வளரும்போது கடைகளின் இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அடித்தளம் தோண்டிய மண்ணை வீணாக்காமல் நடுவில் கொட்டி, முற்றத்தை ஒரு தளம் உயர்த்தினார். ஒரு பக்கம் ஏறும் படிகளில் புல் வளர்ந்திருக்கும்.

மன்றக் கூடத்தின் உயரத்தை அவர் 17 மீட்டர் என்று வரைந்தபோது உறுப்பினர்கள் தயங்கினார்கள். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு செலவா என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான், மக்களின் வரிப்பணம் அல்லவா? ஆனால் ஆல்டோ விடவில்லை. இத்தாலியின் சியனா நகர மன்றக் கூடத்தின் உயரம் பதினாறு மீட்டர் என்று எடுத்துக்காட்டி, சாய்னாட்சலோவுக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவே கேட்டாராம். குறும்பு மட்டுமல்ல அது. மூவாயிரம் பேர் கூடித் தங்கள் ஊரின் முடிவை எடுக்கும் இடம் சியனாவுக்குக் குறைந்ததாக இருக்கக்கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார் என்றே நான் கொள்கிறேன்.

அந்தக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் எலிஸ்ஸா என்ற இளம் கட்டடக்கலைஞர். 1952-இல் ஆல்டோ அவரை மணந்தார்.

ஆல்டோ 1976-இல் மறைந்தார். 1993-இல் சாய்னாட்சலோ யுவாஸ்குலா நகரோடு இணைக்கப்பட்டது. அந்த 17 மீட்டர் கூடத்தில் கூடுவதற்கு ஊர் மன்றமே இல்லாமல் போயிற்று. வீப்புரி நூலகமோ, சோவியத் காலத்தில் ஒருமுறை செப்பனிடப்பட்டு, 1990-களில் தொடங்கிப் பின்லாந்தியரும் ரஷ்யரும் சேர்ந்து சிறிது சிறிதாகப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்த பின், 2013-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கூரையின் 57 வட்டங்கள் வழியே மறுபடியும் வெளிச்சம் இறங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து வாசிப்பவர்களில் பெரும்பாலோர் இப்போது ரஷ்ய மொழியில் வாசிக்கிறார்கள்.