இருட்டில் கேட்ட குரல்: விமானி பாப் பிரஹாம்

கேரட் சாப்பிட்டால் ராத்திரியிலும் கண் நன்றாகத் தெரியும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியதில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்குண்டு. நள்ளிரவில் வந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களை பிரிட்டிஷ் விமானிகள் சுட்டு வீழ்த்தத் தொடங்கியதும், எல்லாம் கேரட்டின் மகிமை என்று பிரிட்டனில் கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் அந்த விமானங்களுக்குள் ரேடார் இருந்தது. அதை மறைக்கத்தான் கேரட்!

அப்படி இருட்டில் வேட்டையாடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் பாப் பிரஹாம். 1920-ல் இங்கிலாந்தில், ஒரு கிறிஸ்தவ போதகரின் மகனாகப் பிறந்தவர். 1938-ல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். 1940 ஆகஸ்டில் பிளென்ஹைம் என்ற வேகம் குறைந்த விமானத்தில் பறந்தே தன் முதல் வெற்றியைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 20. நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையனின் வயசு!

அடுத்து வந்தது போஃபைட்டர் விமானம். அதில் இரண்டு பேர். முன்னால் விமானி. பின்னால், தனிக் கூண்டில், ரேடார் இயக்குபவர். இவர் இரண்டு சின்னத் திரைகளில் தெரியும் ஒளிக்கோடுகளைப் பார்த்து, இடது, வலது, இன்னும் கொஞ்சம் மேலே என்று ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டே வருவார். விமானிக்கோ கண்ணெதிரே கும்மிருட்டு. எதிரி விமானம் சில நூறு அடி தூரத்துக்கு வரும் வரை ஒன்றும் தெரியாது. அதுவரை பின்னாலிருந்து வரும் குரல்தான் அவருக்குக் கண். அந்தக் குரல் ஒரு நொடி தவறினால் மோதிச் சாகவேண்டியதுதான்.

பிரஹாமுக்கு வாய்த்த குரல்கள் இரண்டு. ஒருவர் கிரகரி. போருக்கு முன் வாத்தியக் குழுவில் டிரம் வாசித்தவர், அதனால் 'ஸ்டிக்ஸ்' என்று செல்லப்பெயர். மற்றவர் ஜேக்கப்ஸ்.

1942 டிசம்பரில் 141-வது ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்றபோது பிரஹாமுக்கு 22 வயதுதான். மறு ஆண்டு ஜூனில் அந்தப் பிரிவுக்கு 'செரேட்' என்ற புதுக் கருவி வந்தது. ஜெர்மன் இரவு விமானங்களும் ரேடார் வைத்துத்தான் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களை வேட்டையாடின. அந்த ரேடார் அனுப்பும் அலையையே பிடித்து, அது வரும் திசையில் போய் அந்த விமானத்தைக் கண்டுபிடிப்பதுதான் செரேட்டின் வேலை. திருடன் கையிலிருக்கும் டார்ச் வெளிச்சத்தை வைத்தே திருடனைப் பிடிப்பது மாதிரி! 1943 ஆகஸ்ட் 17 இரவு, பீனமுண்டே ராக்கெட் தளத்தைத் தாக்க நூற்றுக்கணக்கான விமானங்கள் புறப்பட்டன. அன்று பிரஹாம் இரண்டு ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்.

ஆனால் உடம்பும் மனசும் எத்தனை நாள் தாங்கும்? களைத்துப்போன அவரை மேலதிகாரிகள் போர்முனையிலிருந்து எடுத்து, அலுவலகப் பணிக்கு அனுப்பினார்கள். சும்மா இருக்க முடியவில்லை அவருக்கு. அனுமதி கேட்டு வாங்கி, மற்ற ஸ்குவாட்ரன்களிடம் மஸ்கிட்டோ விமானத்தை இரவல் பெற்று, இப்போது பகலில் பறக்கத் தொடங்கினார். 1944 மே மாதம் அடிபட்ட விமானத்தோடு கிரகரியும் அவரும் வடகடலில் விழுந்து, கப்பல்காரர்களால் உயிர் பிழைத்தார்கள். அப்போதும் நிறுத்தவில்லை.

ஜூன் 25 அன்று, வால்ஷ் என்ற ஆஸ்திரேலியருடன் டென்மார்க் பக்கம் போனார். ஜெர்மன் விமானி ராபர்ட் ஸ்ப்ரெக்கல்ஸ் அவரைச் சுட்டு இறக்கினார். இருவரும் உயிர் தப்பினாலும் சிறைப்பட்டார்கள். பாருங்கள், ஒன்றும் தெரியாத இருட்டில் இன்னொருவர் குரலை நம்பிப் பறந்த காலமெல்லாம் தப்பித்தவர், எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பட்டப்பகலில் அகப்பட்டார்!

1945 மே மாதம் விடுதலை. 29 விமானங்களை வீழ்த்தியவர் என்று பெயர். டி.எஸ்.ஓ. பதக்கம் மூன்று முறை, டி.எஃப்.சி. பதக்கம் மூன்று முறை. 1952-ல் குடும்பத்துடன் கனடாவுக்குப் போய், கனடிய விமானப்படையில் சேர்ந்து, 1968 வரை பணியாற்றினார். தன் போர்க்கால அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். தன்னைச் சுட்டு வீழ்த்திய ஸ்ப்ரெக்கல்ஸோடு போருக்குப் பிறகு நட்பு கொண்டார். 1974-ல், 53 வயதில், நோவா ஸ்கோஷியாவில் மூளைக் கட்டியால் காலமானார்.

கிரகரிக்கும் ஜேக்கப்ஸுக்கும் பதக்கங்கள் கிடைத்தன. ஆனாலும் வரலாறு முதலில் சொல்வது விமானியின் பெயரைத்தான். அன்பு மாணவர்களே, படிப்பிலும் வேலையிலும் நாமும் பல நேரம் இருட்டில்தான் பறக்கிறோம். பின்னாலிருந்து இடது, வலது என்று சொன்ன ஓர் ஆசிரியரோ, அறைத் தோழனோ எல்லோருக்கும் உண்டு. பழைய மாணவர்கள் கூடும் இந்த நாளில் அந்தக் குரலுக்கு உரியவரைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.