நரம்பையும் தசையையும் தமிழிற் கற்பித்த வைத்தியர்

2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போர், முள்ளந்தண்டிற் காயமுற்று இடுப்பின்கீழ் இயக்கமிழந்த பலரை வன்னிப் பெருநிலப்பரப்பில் விட்டுச் சென்றது. காலிற் காயமேதும் இல்லாதிருக்கக் கால் ஏன் அசையவில்லை என வினவும் தாய்க்கு, அவருக்கு விளங்கும் மொழியில் விடை கூறுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. அவ்விடையைத் தமிழிற் கூறுதற்கு வழிசமைத்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை இவ்வேளையில் நினைவுகூர விரும்புகின்றோம்.

1822 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிற் பணியை ஆரம்பித்த அவர், 1848 இல் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மேலைத்தேய மருத்துவத்தைப் போதிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இலேயே தோன்றியது என்பது கருதத்தக்கது.

ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் நாடிச் செல்வதையும், கிராமத்தவர் வைத்தியரின்றி இருப்பதையும் கண்ட கிறீன், 1864 அளவில் போதனாமொழியைத் தமிழாக்கினார். இதற்கெனத் தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையுடன் நூல்களைப் பெயர்த்தார். உடலமைப்பை விளக்கும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் வெளிவந்தது. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் பணி ஓயவில்லை. உடற்றொழிலியல் நூலான ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் அச்சேறியது. மறு ஆண்டு மே 28 ஆம் திகதி அவர் காலமானார். அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறியோர் 60 பேருக்கும் அதிகமாவர்.

முண்ணாணின் முன்வேர்கள் இயக்கத்தையும் பின்வேர்கள் உணர்ச்சியையும் கடத்துகின்றன என்பதை பெல், மஜென்டி ஆகியோர் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே புலப்படுத்தியிருந்தனர். மூளையின் ஏவல் முண்ணாண் வழியே இறங்கி, நரம்பினூடாகத் தசையை அடைந்து அதனைச் சுருங்கச் செய்கின்றது. முண்ணாண் அறுபடின் தசை உயிருடன் இருப்பினும் ஏவல் அதனைச் சென்றடைவதில்லை. உணர்ச்சியும் அற்றுப்போவதால், படுக்கைப்புண் உண்டாவதை நோயாளி அறியார். காயத்தின் கீழுள்ள முண்ணாண் பகுதி தானே இயங்குவதாற் சிலவேளை கால்கள் துடிக்கும். அதனைக் குணமடைவதன் அறிகுறியெனக் குடும்பத்தவர் நம்பி ஏமாறுவதுண்டு. இவற்றைத் தெளிவுற எடுத்துரைப்பின் வீண் நம்பிக்கை அகலும். நோயாளியை உரிய வேளைகளில் புரட்டிப் படுக்கவைக்கும் கவனம் பிறக்கும்.

அறிவு மொழிவிட்டு மொழி செல்லுதல் புதிதன்று. இப்னு சீனா (980-1037) அரபியில் யாத்த ‘அல்கானூன்’, நரம்புகளே உணர்ச்சிக்கும் இயக்கத்துக்கும் வாயில்கள் என விளக்கியது. கிரேக்க மருத்துவத்தை உள்வாங்கிய அந்நூல் 12 ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிற் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. கிறீன் செய்ததும் அம்மரபின் தொடர்ச்சியே.

கிறீன் சமயப் பணிக்காக வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் நோயாளியின் மொழியிற் பேசாத வைத்தியம் அரைவைத்தியமே என்று அவர் வாழ்வு உணர்த்துவது, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தமிழில் நோய் சொல்லி ஆறுதல் தேடும் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மண்ணுக்கு மிகவும் பொருந்தும். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை நிலைத்திருக்கின்றது. அவரது முயற்சி நூலகத் தட்டுகளில் உறங்கிவிடாது காப்பது நம் கடனாகும்.