சிப் மெஷின் வாங்கும் டாடா.. 1883-லேயே 'ட்ரையல்' ஓட்டிப் பார்த்து மெஷின் வாங்கிய ஜாம்ஷெட்ஜி! யார் இவர்?

குஜராத்தின் தொலேராவில் 91,000 கோடி ரூபாயில் சிப் தொழிற்சாலை அமைக்கிறது டாடா எலக்ட்ரானிக்ஸ். சிப் தயாரிக்கும் மெஷின்களை விற்பதில் ஏஎஸ்எம்எல், அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், டோக்கியோ எலக்ட்ரான் என ஒரு சில கம்பெனிகள்தான் முன்னணியில் இருக்கின்றன. இதில் யாரிடம் வாங்குவது?

சிப் கம்பெனிகள் கொட்டேஷனை மட்டும் பார்த்து ஆர்டர் போடுவதில்லை. தங்களுடைய சிலிக்கான் வேஃபரையே அந்த மெஷினில் ஓட்டிப் பார்ப்பார்கள். மணிக்கு எத்தனை வேஃபர் வருது, அதில் எத்தனை தேறுது, மெஷின் எவ்வளவு நேரம் நிற்காம ஓடுது, பழுதானா சர்வீஸ் ஆள் எப்போ வருவாரு... எல்லாத்தையும் கணக்குப் போடுவார்கள். ஒரு தடவை தேர்வு பண்ணிட்டா, பிறகு மாத்துறது ரொம்ப கஷ்டம்.

அவிநாசி, திருப்பூர் பக்கம் நிட்டிங் மெஷின் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. டாடா குழுமத்துக்கும் புதுசில்லை. அதைப் போட்டவர் அதன் நிறுவனர் ஜாம்ஷெட்ஜி டாடா.

1839 மார்ச் 3-ம் தேதி குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். 1868-ல் 21,000 ரூபாய் முதலீட்டில் வியாபாரம் தொடங்கினார். அடுத்து மும்பை சிஞ்ச்போக்ளியில் நொடிந்துபோன எண்ணெய் ஆலையை வாங்கி, நூல் மில்லாக மாற்றி, லாபத்துக்கு விற்றார். இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போய் மில் தொழிலைக் கவனித்துவிட்டு வந்தார்.

எல்லாரும் மும்பையில் மில் கட்டிய காலத்தில், பருத்தி விளையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கணும் என்று நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். 1877 ஜனவரி 1-ல் எம்பிரஸ் மில் ஓடத் தொடங்கியது.

முதல் ரவுண்டில் சறுக்கல்தான். செலவைக் குறைக்க நினைத்து வாங்கிய மெஷின்கள் கைகொடுக்கவில்லை. உற்பத்தியும் தரமும் அடி வாங்கின. நல்ல மெஷின்களாக மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அடுத்துதான் முக்கியமான கட்டம். அப்போது லங்காஷயரில் 'மியூல்' மெஷின்தான் ராஜா. அது நூலை இழுத்து முறுக்கும், பிறகு திரும்பி வந்து சுற்றும். ரெண்டு வேலையும் மாறி மாறி நடக்கும். அமெரிக்காவில் வந்த 'ரிங்' முறையிலோ, வளையத்தின் மேல் ஓடும் சின்ன டிராவலர் மூலம் முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆனாலும் இங்கிலாந்து மில்கள் தயங்கின. மியூலில் பணம் போட்டாச்சு, அனுபவசாலிகளும் இருக்காங்க, மெல்லிய நூலுக்கு மியூல்தான் சரி என்ற நினைப்பு.

ஜாம்ஷெட்ஜி 1883-ல் ரெண்டே ரெண்டு ரிங் மெஷின்களை வரவழைத்தார். நாக்பூரில், நம்ம பஞ்சில், நம்ம ஆட்களை வைத்து ஓட்டினார்கள். என்ஜினியர் ஜேம்ஸ் புரூக்ஸ்பி வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்த்தார். ரிசல்ட் நம்பிக்கை தந்தது.

ஜாம்பவான் கம்பெனியான பிளாட் பிரதர்ஸ் ரிங் தயாரிக்க முன்வரவில்லை. பெரிய பேருக்காகக் காத்திருக்காமல், போட்டி நிறுவனமான புரூக்ஸ் அண்ட் டாக்ஸியிடம் போனார் ஜாம்ஷெட்ஜி. பெரிய சப்ளையரை விட்டு விலகுவது அன்றைக்குச் சாதாரண துணிச்சல் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸே கப்பலில்தான் வரணும்!

மெஷின் விஷயத்தில் இன்னொரு சோதனையும் வந்தது. 1886-ல் குர்லாவின் தரம்சி மில்லை 12.5 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். விலை மலிவு, ஆனா உள்ளே இருந்தது ஓட்டை உடைசல். எம்பிரஸ் மில்லில் தனக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்றும், நாக்பூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தும்தான் அதை நிமிர்த்தினார். அதுதான் சுதேசி மில்.

இரும்பு ஆலைக்கும் இதே தேடல்தான். 1902-ல் அமெரிக்கா போய் ஜூலியன் கென்னடி, சார்லஸ் பேஜ் பெரின் ஆகிய நிபுணர்களைப் பிடித்தார். ஆலையை மட்டும் அவர் பார்க்கவில்லை. 1904 மே 19-ல் ஜெர்மனியில் இறந்தார். டாடா ஸ்டீல் 1907-ல்தான் உருவானது.

மியூல்கள் பிற்பாடு வழக்கொழிந்தன. அவிநாசி சுற்றுவட்டார ஸ்பின்னிங் மில்களில் இன்றும் ஓடுவது ரிங் ஃபிரேம். தொலேரா ஆலை விஷயத்தில், 2024 செப்டம்பரில் ஜப்பானின் டோக்கியோ எலக்ட்ரானுடன் டாடா எலக்ட்ரானிக்ஸ் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அந்த மெஷின்களை இயக்க டாடா ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் அடக்கம்.