பதினாறு பேரில் ஒருவர்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியில் இருக்கிறது காரியாபட்டி. கரிசல் பூமி. மழை பொய்த்தால் கண்மாய் பொய்க்கும். கண்மாய் பொய்த்தால் அடுப்பு பொய்க்கும். பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த காடுகள் பலவற்றைச் சீமைக்கருவேல் வளைத்துக்கொண்டுவிட்டது. இந்த மண்ணில் உழைத்து உழைத்து உரம் ஏறியவர்கள் நம் தாய்மார்கள். ஆனால் அவர்களுடைய உடம்பில் இரத்தம் ஏறவில்லை!

பிள்ளைத்தாய்ச்சி வீட்டைத் தேடி நர்சம்மா வருகிறார். மாத்திரை கொடுக்கிறார். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. காசு இல்லை, பணம் இல்லை, அரசாங்கம் கொடுப்பது. வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் எல்லோரும் விழுங்குகிறார்களா? இல்லை. குமட்டுகிறது என்கிறார் ஒருவர். மலம் கறுத்துப் போகிறது என்கிறார் மற்றொருவர். பிள்ளை பெருத்துப் பிரசவம் சிக்கலாகிவிடும் என்று பயமுறுத்துகிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மாத்திரை இறவாணத்தில் செருகப்படுகிறது. அல்லது கொல்லைப்புறம் போய்ச் சேருகிறது.

அந்த மாத்திரையை எறிகிறவர் அறியமாட்டார், அதற்குள் ஒரு மனிதனின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது என்பதை. எறியாமல் விழுங்குகிறவரும் அறியமாட்டார். அந்த மனிதனைத்தான் இன்று நாம் நினைவுகூருகிறோம். அவர் பெயர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். ஆந்திர நாட்டார், ஆனாலும் மருத்துவம் படித்தது சென்னைப் பட்டணத்தில். செல்வர் வீட்டுப் பிள்ளை அல்ல. சிறு வயதில் படிப்பில் சூட்டிகை என்று சொல்வதற்கும் இல்லை. காசிக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடிய பிள்ளை அவர்! தாய் வெங்கம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறைதான் தேறினார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து. பரீட்சையில் தவறிய பிள்ளைகளை மூலையில் உட்காரவைக்கும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

குடும்பத்திலே இடி விழுந்தது. சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் கிராணிக் கழிச்சல் கொண்டுபோயிற்று. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வற்றி, மனிதன் உருகிப்போகும் நோய் அது. அந்த நோய் சுப்பாராவையும் விடவில்லை. ஆயுர்வேதத்திலும் ஆங்கில மருத்துவத்திலும் வல்ல டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். பிழைத்தவர் மனத்தில் ஒரு கேள்வி மட்டும் ஆறாத புண்ணாக நின்றுவிட்டது: இந்த நோய்க்கு மருந்து ஏன் இல்லை?

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியாரின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அறுவை மருத்துவப் பேராசிரியரான வெள்ளையருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? எழுத்துப் பரீட்சையில் நன்றாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணிக்கு வழி அடைபட்டது. லட்சுமிபதியாரின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

1922இல் கப்பலேறினார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியும் மாமனாரும் கொடுத்த பணம்தான் கைம்முதல். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்கள் பற்றிய படிப்பு. பகலில் பாடம். இரவில்? மருத்துவமனையிலே நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை! டாக்டர் பட்டம் பெற்றவர் அந்த வேலையைச் செய்தார். வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது வேலை அல்ல, பசியை மறைத்துப் பொய் வாழ்வு வாழ்வதே என்பதை அறிந்தவர்.

ஊரிலே மனைவி சேஷகிரி அம்மையார் காத்திருந்தார். கணவர் கப்பலேறிய பிறகு பிறந்த ஆண் குழந்தை, தகப்பன் முகத்தைக் காணாமலே இறந்தது. சுப்பாராவ் திரும்பவே இல்லை. ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது, அவர்களுக்காக வீட்டிலே வெந்தவர்களை மறந்துவிடுவது நம் வழக்கம். நாம் மறக்க விரும்பவில்லை. உலகத் தாய்மாருக்கு அவர் கொடுத்த மருந்தின் விலையில் ஒரு பங்கைச் சேஷகிரி அம்மையார் கொடுத்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து உழைத்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1927இல் தசையிலிருந்து பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929இல் உடம்பின் சக்திக்கெல்லாம் நாணயம் போன்ற ஏ.டி.பி.யை அவர்கள் தனியாகப் பிரித்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் கண்டார். மண்வெட்டி பிடிக்கும் கை ஓங்குவதும், ஓங்கிய கை இறங்குவதும் அந்த நாணயத்தைச் செலவழித்துத்தான்!

1930இல் ஹார்வர்ட் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. ஆனால் நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. சென்னையில் கதர் குறுக்கே நின்றது. பாஸ்டனில் எது குறுக்கே நின்றதோ! 1940இல் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். கம்பெனி லாபம் கருதியது; மறைப்பானேன்? ஆனால் அங்கேதான் வேதியியலார், நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர், மருத்துவர், செடிநூல் வல்லார் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்க அவருக்கு இடம் கிடைத்தது.

இப்போது கதையை இந்தியாவுக்குத் திருப்புவோம். ஃபோலிக் அமிலத்தின் கதை தொடங்கியது இங்கேதான். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே பருத்தி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், கருவுற்ற காலத்தில் கொடிய இரத்த சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். கிருமியா என்று தேடினார், இல்லை. பிறகு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தேடினார். விடை கிடைத்தது. ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தவுடன் அந்தப் பெண்களுக்கு இரத்தம் ஊறியது! 1931இல் அதை வெளியிட்டார். ஆனால் அந்தச் சாரத்தில் எந்தப் பொருள் நோயைத் தீர்த்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு மருத்துவரால் தனியே தெரிந்துகொள்ளக்கூடிய காரியமும் அல்ல அது.

பத்தாண்டு சென்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் பசலை போன்றதொரு கீரையிலிருந்து ஒரு பொருளைத் திரட்டி, 1941இல் இலை என்னும் பொருள்பட அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். லெடர்லியில் ஈரலிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் அதைப் பிரிக்க முயன்றார்கள். பிரித்தது போதாது, ஈரலை மலைபோல் குவித்தாலும் கிடைப்பது கடுகளவு. உலகத்துக்கெல்லாம் கொடுக்க வேண்டுமானால் ஆராய்ச்சிக்கூடத்திலேயே செய்தாக வேண்டும். 1945இல் செய்து முடித்தார்கள்.

அதை அறிவித்த கட்டுரையில் பதினாறு பேருடைய பெயர்கள் இருக்கின்றன. தலைவர் சுப்பாராவின் பெயர் முதலிலா இருக்கிறது? இல்லை. ஏழாவது! அகரவரிசையில் எங்கே வருமோ அங்கே. பந்தியில் தலைவாழை இலை தமக்கென்று தேடும் மனிதர்கள் மலிந்த உலகத்தில், எழுதி முடித்த வேலையில்கூட வரிசை பார்க்காமல் உட்கார்ந்தார் அவர். கிராணிக் கழிச்சல்காரர்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தபோது உடம்பு தேறியது. தம் சகோதரர்களுக்குக் கிடைக்காதது, முன்பின் அறியாதவர்களுக்குக் கிடைத்தது.

கதை இதோடு முடியவில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதிலாக விரைந்து பெருகுவதாகத் தோன்றியது! வேறொருவராயின் வாய்மூடி இருந்திருப்பார். ஃபார்பர் எதிர்ப்புறம் எண்ணினார்: உரம் போட்டால் களை செழிக்கிறது என்றால், உரத்தைத் தடுத்தால் களை வாடாதா? சுப்பாராவின் கூடத்தைக் கேட்டார். அவர்கள் ஒரு போலிச் சாவியைச் செய்து அனுப்பினார்கள். பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவியையும் நுழையவிடாது. அமினோப்டெரின் என்பது அதன் பெயர்.

1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். கடுமையாக நோயுற்ற பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. நிலையான குணம் அல்ல, சில மாதங்களே. ஆயினும் அதுவரை வெறும் சாவோலையாக இருந்த நோய், மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை உலகம் முதன்முதலாகக் கண்டது. அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் சுப்பாராவ் இல்லவே இல்லை. அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட், இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் உலகெங்கும் கொடுக்கப்படுகிறது. நல்ல சிகிச்சை கிடைக்குமிடங்களில் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

இன்னும் உண்டு. யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் ஊர் ஊராகக் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரை, 1947இல் அவருடைய கூட்டத்தார் தந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்று எழுபதைத் தாண்டிய செடிநூல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர். கிழவர் என்று ஒதுக்காமல் அவருக்கு அந்தக் கூடத்தில் இடம் கொடுத்தார்கள். மிசௌரி பல்கலைக்கழகத்தின் வயலிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில், அந்தக் கிழவர் ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். டெட்ராசைக்ளின் குடும்பத்துக்கு அதுவே மூத்த பிள்ளை. 1948 ஜூலையில் உலகம் அதை அறிந்தது. அடுத்த மாதம், ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் மறைந்தார். வயது ஐம்பத்து மூன்று. நோபல் பரிசு இல்லை. 1995இல் இந்திய அரசாங்கம் ஒரு தபால்தலை வெளியிட்டது.

எண்ணிப் பாருங்கள். கேள்வி பிறந்தது பம்பாய் ஆலைப் பெண்ணின் வெளிறிய கண்ணிமையில். அதைக் கண்டவர் லண்டன் மருத்துவர். பெயரிட்டவர்கள் டெக்சாஸ் பேராசிரியர்கள். செய்து தந்தது பேர்ல் ரிவர் கூடம். ஒருவர் இல்லையேல் மற்றவர் வேலை பாதியில் நின்றிருக்கும். புதுமை என்பது மேதை ஒருவரின் மண்டையில் மின்னல்போல் வெட்டுவது என்று நினைக்கிறோம். அல்ல. ஏற்றம் இறைக்கும் வேலை போன்றது அது. ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் சால் பிடிக்க வேண்டும், ஒருவர் மடை திருப்ப வேண்டும்.

நம்மிடம் ஆளில்லையா? மதுரையில் 1954 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1966 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரியாபட்டி அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அது திறக்கப்பட்ட நாள் எது தெரியுமா? 2022ஆம் ஆண்டு ஜனவரி 12. சுப்பாராவ் பிறந்த அதே நாள்! தற்செயல்தான். ஆனால் தற்செயலாக வந்த நாளைத் தகுதியுள்ள நாளாக்குவது நம் கையில் இருக்கிறது.

காரியாபட்டிப் பெண் ஏன் மாத்திரையை இறவாணத்தில் செருகுகிறார்? குமட்டாத மாத்திரை செய்ய வேதியியலார் வேண்டும். சோகைக்கு இரும்புக் குறைவு காரணமா, குடற்புழு காரணமா, ஃபோலிக் குறைவு காரணமா என்று பிரித்தறிய மருத்துவர் வேண்டும். கம்பங்கூழும் கீரையும் அடுப்பை விட்டு எப்போது போயின என்று கேட்க மனையியல் படித்தவர் வேண்டும். இவர்கள் அத்தனை பேருக்கும் வழிகாட்ட, ஒவ்வொரு வீட்டின் வாசற்படியும் தெரிந்த நர்சம்மா வேண்டும். அவருடைய பெயரும் அந்தக் கட்டுரையில் இடம்பெற வேண்டும்! வில்ஸ் அம்மையார் ஆலைப் பெண்களிடம் தொடங்கியதுபோல், நம் ஆராய்ச்சியும் கரிசல்காட்டுத் தாயின் வீட்டு வாசலில் தொடங்கட்டும்.

சிலை எழுப்பச் சொல்லவில்லை நாம். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள சுவரில் ஒரு வாசல் வையுங்கள் என்கிறோம். கதருக்காகவோ, பிறப்புக்காகவோ, இங்கிலீஷ் தடுமாறியதற்காகவோ ஒரு மாணவனையும் தாழ்த்தாதீர்கள் என்கிறோம். மூன்றாவது முறை தேறிய பிள்ளை ஒன்று, காரியாபட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கோ புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கக்கூடும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். நர்சம்மா தரும் மாத்திரையை எறிந்துவிடாதீர்கள். குமட்டினால் அவரிடமே சொல்லுங்கள், வழி சொல்வார். மலம் கறுப்பது இரும்பினால், பயப்பட ஒன்றுமில்லை. கருவின் தொடக்கத்திலேயே, முடிந்தால் அதற்கும் முன்பே, ஃபோலிக் அமிலம் சேர்ந்தால் குழந்தையின் முதுகுத் தண்டு ஊனமாகும் ஆபத்து பெரிதும் குறைகிறது என்று 1991இல் நிலைநாட்டியிருக்கிறார்கள். ஆலையிலே வெளிறிப்போன பெண்களும், கணவர் முகம் காணாமல் காத்திருந்த ஒரு மாதரசியும், பதினாறு பேரில் ஏழாமவராக நின்ற ஒரு மனிதரும் சேர்ந்து உங்களுக்கு அனுப்பிய மாத்திரை அது!