தவிட்டின் அருமை கண்ட டாக்டர் ஐக்மன்



இன்று காலையில் உங்கள் வீட்டு அடுப்பில் ஏறிய அரிசியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்ததா? கடைக்காரரிடம் நாம் கேட்டு வாங்குவதே அப்படித்தானே! அந்த வெள்ளை அரிசியையே நம்பிச் சாப்பிட்டு, கால் வீங்கி, மூச்சு முட்டி ஆயிரமாயிரம் பேர் மாண்ட காலம் ஒன்று உண்டு. எங்கேயோ தூர தேசத்தில் அல்ல. பக்கத்திலிருக்கும் ஜாவாவிலும், நம் மலாயா மண்ணிலும்தான். அந்தச் சாவின் காரணத்தை எட்டிப் பிடித்தவர் ஆலந்து நாட்டு டாக்டர் ஒருவர். பிடித்தது சரி, ஆனால் அதற்கு அவர் முதலில் சொன்ன விளக்கம் தப்பு. தப்பென்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். அதற்காகவே அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத விரும்பினேன்.

கிறிஸ்தியான் ஐக்மன் 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் நைகெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். இவர் ஏழாவது பிள்ளை. வாத்தியார் வீட்டில் ஏழு பிள்ளை என்றால் வசதி எப்படியிருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டே குடும்பம் சாண்டாம் என்ற ஊருக்குப் போய்விட்டது. அங்கே அப்பாவின் பள்ளியிலேயே படித்தார். 1875-ல் ராணுவ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் கிழக்கிந்தியத் தீவுகளில் ராணுவ டாக்டராகப் போக வேண்டும், அதுதான் ஏற்பாடு. 1883-ல் டாக்டர் பட்டம் பெற்றார், திருமணமும் செய்துகொண்டார், அதே ஆண்டில் கப்பலும் ஏறினார்.

வந்த இடம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜாவாவின் தென்கரையில் சிலாச்சாப் என்ற ஊரில் வேலை பார்க்கும்போது மலேரியா பிடித்தது. காய்ச்சல் ஆளை உருக்கிவிட்டது. 1885-ல் நோயாளியாகவே ஊர் திரும்பினார். மறு ஆண்டு மனைவியும் இறந்துபோனார். வயது இருபத்தெட்டுகூட நிறையவில்லை. உடம்பும் போய், துணையும் போய் நின்ற அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பெர்லினுக்குப் போய், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கண்டுபிடிக்கும் வித்தை அப்போதுதான் உலகத்தை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. எந்த நோய் என்றாலும் அதற்கொரு கிருமி இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர்மார் நம்பிய காலம்.

அங்கேதான் பெக்கல்ஹாரிங், விங்கிளர் என்ற இரு டாக்டர்களைச் சந்தித்தார். பெரிபெரி என்னும் நோயை ஆராய டச்சு அரசாங்கம் அவர்களை ஜாவாவுக்கு அனுப்பத் தயாராக இருந்தது. அவர்களோடு ஐக்மனும் 1886-ல் மறுபடி கப்பல் ஏறினார். எந்த மண்ணில் உடம்பைக் கெடுத்துக்கொண்டாரோ அதே மண்ணுக்கு!

பெரிபெரி என்றால் என்ன? பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வற்றிக் கை கால் விழுந்துவிடும். சிலருக்கு நீர் கோத்துக் கால் தூண் போல வீங்கும், நெஞ்சு படபடக்கும், இதயம் சோர்ந்து திடீரென்று உயிர் போய்விடும். ராணுவ முகாம், கப்பல், சிறைச்சாலை, சுரங்கம் என்று எங்கெல்லாம் ஆட்களைக் கூட்டமாக வைத்து ஒரே சாப்பாடு போட்டார்களோ, அங்கெல்லாம் இது வந்தது.

பெரிய டாக்டர்கள் இருவரும் இது கிருமியால்தான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டு 1887-ல் ஊர் திரும்பினார்கள். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டியிருந்த சின்ன ஆய்வுக்கூடத்துக்கு 1888 ஜனவரி 15-ல் ஐக்மன் முதல் இயக்குநர் ஆனார். ஜாவா நாட்டு இளைஞர்களுக்கு வைத்தியம் கற்றுத்தந்த பள்ளிக்கும் அவரே தலைவர். மறுமணமும் அந்த ஆண்டில்தான் நடந்தது.

கிருமியைத் தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்ததைக் கோழிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். 1889 ஜூலை 10-ஆம் தேதி வாக்கில் கோழிகளுக்குச் சீக்கு வந்தது. கால் தள்ளாடிக் கீழே விழுந்தன. அட, கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்! ஆனால் ஊசி போடாத கோழிகளும் அதே மாதிரி விழுந்தன. தனிக்கூண்டில் பிரித்து வைத்தாலும் விழுந்தன. நவம்பர் கடைசியில் ஒரு வைத்தியமும் இல்லாமல் எல்லாச் சீக்கும் தானாகவே போய்விட்டது.

வேறொருவராக இருந்தால், கோழிதானே, தொலையட்டும் என்று விட்டிருப்பார். ஐக்மன் விடவில்லை. எது மாறியது என்று துருவித் துருவி விசாரித்தார். கடைசியில் விஷயம் தீவனத்தில் போய் நின்றது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆள், காசை மிச்சம் பிடிக்க மருத்துவமனைச் சமையற்கட்டிலிருந்து சோற்றை வாங்கி வந்து போட்டிருக்கிறார். ராணுவத்தாருக்குச் சமைக்கும் நல்ல வெள்ளை அரிசிச் சோறு! அப்புறம் சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர் கறாரானவர். ராணுவ அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தரமுடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் வெள்ளைச் சோறு தின்றது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரைக்கும்தான். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரியும்.

பிறகு ஐக்மன் வேண்டுமென்றே சோதித்தார். தீட்டிய அரிசி போட்டால் மூன்று நான்கு வாரத்தில் கோழி விழுந்தது. தவிடு நீக்காத அரிசி போட்டால் எழுந்தது. தீட்டிய அரிசியோடு தவிட்டைக் கலந்து கொடுத்தாலும் எழுந்தது. நெல்லை உரலில் குத்தினால் உமி போகும், அரிசிமேல் தவிட்டுப் படலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நீராவி ஆலை வந்தபின் அதையும் உரித்து, பளபளவென்று மெருகேற்றி விற்றார்கள். உரித்த தவிடு மாட்டுக்குப் போனது.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? ஜாவாவின் சுகாதார ஆய்வாளர் ஃபோர்டர்மன் அவருக்கு நண்பர். ஜாவாச் சிறைகளில் அந்தந்த ஊர் வழக்கப்படி வெவ்வேறு அரிசி போட்டுவந்ததால், 101 சிறைகளில் கணக்கெடுத்தார் அவர். தவிடு நீக்காத அரிசி போட்ட 37 சிறைகளில் பெரிபெரி இருந்தது ஒன்றே ஒன்றில். தீட்டிய அரிசி போட்ட 51 சிறைகளில் 36-ல் இருந்தது. ஆள் கணக்கில் பார்த்தால் முன்னதில் பத்தாயிரத்தில் ஒருவர், பின்னதில் 39 பேரில் ஒருவர்! கட்டடம் பழசா, காற்றோட்டம் உண்டா, நெரிசலா என்றெல்லாமும் பார்த்தார். எதற்கும் சம்பந்தமில்லை.

இனி அவர் செய்த தப்புக்கு வருவோம். வெள்ளை அரிசியின் மாவுச்சத்து குடலில் ஒருவித நஞ்சை உண்டாக்குகிறது, தவிட்டில் அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இருக்கிறது என்று ஐக்மன் சொன்னார். நோய் என்றால் ஏதோ கெட்டது உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்ற கிருமிப் பாடம் அவரை விடவில்லை. நல்லது ஒன்று இல்லாமல் போனாலும் நோய் வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்? புரதம், கொழுப்பு, மாவு, உப்பு, தண்ணீர், இவ்வளவுதான் உணவு என்று புத்தகம் சொன்னது.

உடல்நலம் மறுபடி கெட்டு 1896 மார்ச்சில் ஐக்மன் ஆலந்து திரும்பினார். அவருடைய உதவியாளர் கிரெய்ன்ஸ் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கிரெய்ன்ஸ் பச்சைப்பயறு கொடுத்தார், கோழி பிழைத்தது. இறைச்சியை வெகுநேரம் கொதிக்கவைத்துக் கொடுத்தார், மாவே இல்லாத அந்த இறைச்சியிலும் கோழி விழுந்தது. அப்படியானால் மாவு நஞ்சு என்ற பேச்சு எப்படிச் சரியாகும்? உணவில் இருக்க வேண்டிய ஏதோ ஒரு பொருள் இல்லாததுதான் நோய் என்று 1901-ல் எழுதினார். தம் மாணாக்கர் போன்றவர் தம்மை மறுத்து எழுதினால் எத்தனை பேராசிரியர்கள் தாங்குவார்கள்? ஐக்மன் அப்போது உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரும் மேலும் சோதித்துப் பார்த்துவிட்டு 1906-ல் கிரெய்ன்ஸ் வழிக்கே வந்து சேர்ந்தார்.

இதே சமயத்தில் நம் மண்ணில் என்ன நடந்தது? இங்கே ஈயலம்பங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். சிரம்பானில் டாக்டராக இருந்த பிராடன், தமிழர்களை மட்டும் இந்த நோய் அநேகமாக அண்டவில்லை என்பதைக் கவனித்து 1907-ல் புத்தகமே எழுதினார். நம்மவர் மலேரியாவிலும் கொக்கிப் புழுவிலும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு கதை. ஆனால் பெரிபெரி வராததற்குக் காரணம் அவர்கள் உண்ட புழுங்கல் அரிசி! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். ஏழை அரிசி, வாடை அடிக்கும் அரிசி என்று கேலி பேசப்பட்டதே, அதுதான் நம் பாட்டன் பாட்டிமாரைக் காத்தது.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு டாக்டர்கள் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்கள் சுமார் 300 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார்கள். வெள்ளை அரிசிப் பக்கம் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் பக்கம் மாறியது. 1909-ல் இதை வெளியிட்டார்கள். இன்றைக்கு அப்படி ஆளை வைத்துச் சோதிக்க ஒருவரும் ஒப்பமாட்டார்கள். அந்தத் தொழிலாளர்களிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போனார்களோ!

தவிட்டில் இருந்த பொருள்தான் நாம் இன்று பி1 என்று சொல்லும் வைட்டமின். வைட்டமின் என்ற சொல்லுக்கு வித்திட்டவர் காசிமிர் ஃபங்க், 1912-ல். சோறு வயிற்றிலும் குடலிலும் கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் சேருகிறது. அந்தச் சர்க்கரையைச் சக்தியாக மாற்ற பி1 வேண்டும். அடுப்பு நிறைய விறகு அடுக்கித் தீக்குச்சி இல்லையென்றால் உலை கொதிக்குமா? நரம்புக்கும் இதயத்துக்கும் அந்த நெருப்பு நிற்கவே கூடாது. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே தேவை. ஆனால் உடம்பு அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்காது. தண்ணீரில் கரையக்கூடியது வேறு. ஆகவே தாய்மார்களே, அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுக் கசக்கிக் கழுவுவதும், கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றுவதும் இருக்கிற கொஞ்சத்தையும் ஊற்றிவிடுவதுதான். பருப்பு, பயறு, கடலை இவற்றில் பி1 உண்டு. சோற்றோடு பிள்ளைகளுக்குக் கெட்டியாகப் பருப்பு வையுங்கள்.

1926-ல் அதே பத்தாவியா ஆய்வுக்கூடத்தில் யான்சன், டோனாத் என்ற இருவர் மூட்டை மூட்டையாகத் தவிட்டைக் காய்ச்சி வடித்து, பி1-ஐத் துளித்துளிப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதில் கொஞ்சம் உத்ரெக்டுக்கும் போனது. வயதான ஐக்மன் அதைச் சோதித்துப் பார்த்தார். 1889-ல் கோழிக்கூண்டில் கண்டது 37 ஆண்டுக்குப் பிறகு கைக்கு வந்துவிட்டது.

1929-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இங்கிலாந்தின் ஹாப்கின்சோடு ஐக்மனுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். கிரெய்ன்சுக்குக் கொடுக்கவில்லை. நம் பரிசளிப்பு விழாவைப் போலவே அங்கும் மேடையில் எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை போலும். என்னைக் கேட்டால் மூன்றாகப் பிரித்திருக்கலாம். ஐக்மனாலும் அந்த மேடை ஏற முடியவில்லை. நோயாளியாகக் கிடந்ததால் ஸ்டாக்ஹோமுக்குப் போகவில்லை, உரையை எழுதித்தான் கொடுத்தார். அந்த உரையில் கிரெய்ன்சைச் சொல்லியிருக்கிறார். ராணுவ அரிசியைத் தரமாட்டேன் என்ற அந்தச் சமையற்காரரையும் மறக்காமல் சொல்லியிருக்கிறார். மறு ஆண்டு, 1930 நவம்பர் 5-ஆம் நாள், உத்ரெக்டில் காலமானார்.